எண்ணெயில் கரைந்தது

தெருவிளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வேலை முடிந்து நடந்து வந்துகொண்டிருந்தவள் தற்செயலாகத் தன் நிழலைப் பார்த்தாள். நிழலின் இடது கை நடைக்கேற்ப முன்னும் பின்னும் போய்வந்தது. வலது கை அசையவில்லை. முழங்கையில் லேசாக மடங்கி, யாரோ ஒரு கோப்பையைக் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனதுபோல, விலாவோடு ஒட்டி நின்றது.

வீசிப் பார்த்தாள். வீசியது. கடைகளின் ஷட்டர்கள் ஒவ்வொன்றாய் இறங்கும் சத்தத்திலும் நனைந்த அட்டைப்பெட்டிகளின் புளித்த வாசனையிலும் கவனம் போய், மறுபடி கீழே பார்த்தபோது கை நின்றிருந்தது.

குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கக் கண்ணாடிக் குழாயின் திருகைத் திருகிக்கொண்டிருக்கும் கை. அசந்துபோயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படி நினைத்தபோதே தொடைகளுக்குள் ஒரு நமைச்சல் ஓடியது. தோலில் இல்லை, அதற்கும் கீழே. நடந்தால் அடங்கியது. நின்றால் வந்தது.

மாடிப்படி ஏறும்போது பினாயில் வாசனை. கதவுக்கு அடியில் வெளிச்சம். உள்ளே அக்கா பாடிக்கொண்டிருந்தாள்.

அவள் கடைசிப் படியிலேயே நின்றாள். அக்கா பாடிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"வந்துட்டியா குட்டி? கைகால் கழுவிட்டு வா. சூப் சூடா இருக்கு."

"யாரு வெச்சா?"

"பக்கத்து வீட்டுப் பூனை. கேக்கறா பாரு கேள்வி."

அக்கா சிரித்தாள். தரை துடைக்கப்பட்டிருந்தது. அக்காவின் தலை படிய வாரப்பட்டிருந்தது. கண்கள் துறுதுறுவென்று அலைந்தன. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. சந்தோஷம் வரவில்லை. அதற்கான இடத்தில் பஞ்சை அடைத்துவைத்ததுபோல இருந்தது.

கரண்டியைத் தூக்கினாள். சூப் ததும்பிக் கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. விரல் நடுங்கியது. அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவலையோடு பார்க்கவில்லை. அடுப்பில் வைத்த பால் பொங்கிவிட்டதா என்று பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அக்கா ஒரு காலத்தில் கணக்கு டீச்சர். ஒருநாள் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுச் சுவருக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தாள். அன்றிலிருந்து சுவர் பேசுவதை நிறுத்தவில்லை. மாத்திரை கொடுத்தால் நாக்குக்கு அடியில் வைத்துத் துப்பினாள். அதனால் மாதம் ஒருமுறை ஊசி என்றார் டாக்டர். ஃப்ளூஃபெனசின் என்ற பழைய மருந்து. பெற்றோர் இல்லை. பார்த்துக்கொள்ள இவள் ஒருத்திதான்.

அக்கா தனியாக ஊசி போட்டுக்கொள்ள மாட்டாள். "நீ போட்டுக்கிட்டா நானும் போட்டுக்கறேன்" என்பாள். அதனால் வீட்டுக்கு வந்த பழைய நர்ஸ் ஒரு வழி கண்டுபிடித்தார். மாதாமாதம் இரண்டு ஊசிகள். முதலாவது தங்கைக்கு, வெறும் பி காம்ப்ளெக்ஸ். இரண்டாவது அக்காவுக்கு, நிஜமானது. இரண்டும் மஞ்சள். அக்கா இரண்டையும் உற்றுப் பார்ப்பாள், தங்கை முகம் சுளிப்பதைப் பார்ப்பாள், பிறகு தானும் திரும்பிப் படுப்பாள். ஊசி போகப் போகச் சுவர் அடங்கியது. அக்கா தூங்கினாள், சாப்பிட்டாள். அதோடு ஜன்னலோரம் உட்கார்ந்தாள் என்றால் எழுப்பும்வரை உட்கார்ந்திருந்தாள்.

பழைய நர்ஸ் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இப்போது வருபவர் புதியவர். பிரசவ வார்டிலிருந்து மாறி வந்தவர், சின்னப் பெண். இரண்டாவது தடவையாக வந்து போட்டுவிட்டுப் போய் ஒரு வாரம் இருக்கும்.

மறுநாள் பரிசோதனைக்கூடத்தில் கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டை நிறுத்த வேண்டிய இடத்தில் அவளால் நிறுத்த முடியவில்லை. குடுவையின் நிறம் மாறி, மாறிய நிறமும் கடந்து, அடர்ந்து போனது. திரும்பவும் செய்தாள். திரும்பவும் கடந்தது.

எதிர் மேஜையில் இருந்த மூத்த ஆய்வாளரை எல்லோரும் ஆசிட் சார் என்பார்கள். அவர் நாக்கு அப்படி.

"என்னம்மா, மேஜைக்கு அடியில யாராவது தையல் மிஷின் ஓட்டறாங்களா?"

குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு பாதங்களும் தரையை மிதித்துக்கொண்டிருந்தன. நிறுத்தினாள். தொடைக்குள் அந்த நமைச்சல் பெருகி, வயிற்றுக்கு ஏறி, எழுந்து ஓடு என்றது. பாதங்கள் மறுபடி தொடங்கின.

"இது என்ன கையெழுத்து? இதைப் படிக்க நுண்ணோக்கிதான் கொண்டுவரணும். காகிதம் அவ்வளவு விலையா ஏறிப்போச்சு?"

அவள் எழுதியிருந்த வரி இடப்பக்கம் ஒழுங்காகத் தொடங்கி, போகப் போகச் சுருங்கி, முடிவில் ஒரு கீறலாக நின்றிருந்தது.

கழிவறைக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்தாள். பளபளவென்று எண்ணெய் வழியும் முகம். நெற்றியில் சுருக்கமில்லை. கண்கள் அவளையே பார்த்தன. பார்த்துக்கொண்டே இருந்தன. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அந்த முகம் சிமிட்டவில்லை.

இந்த முகத்தை அவள் அறிவாள். பல வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த முகம் இது.

உயிர்வேதியியல் படித்தவள். அக்காவுக்கு என்ன ஏறுகிறது என்று தேடித் தேடிப் படித்திருந்தாள். மூளையில் டோபமைன் வந்து அமர வேண்டிய இடங்களில் இந்த மருந்து முன்னாலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். டோபமைனுக்கு இடமில்லாவிட்டால் குரல்கள் அடங்கும். ஆனால் நடக்கும்போது கையை வீசவைப்பதும் அதே டோபமைன்தான். இமையைச் சிமிட்டவைப்பதும், எச்சிலை நினைக்காமலேயே விழுங்கவைப்பதும், ஒன்றின்மேல் ஆசைப்படவைப்பதும் அதுதான். எது நோய், எது ஆள் என்று மருந்துக்குத் தெரியாது.

இன்னொன்றும் படித்திருந்தாள். மருந்து நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டிருக்கிறது. முதன்முதலில் படித்தபோது சிரித்தாள். சமையலறை எண்ணெய். அது தசைக்குள் ஒரு சின்னக் குட்டைபோலத் தங்கிவிடும். அங்கிருந்து மருந்து ரத்தத்துக்குள் கசியும். அவசரமில்லாமல், வாரக்கணக்கில். மாத்திரை என்றால் நிறுத்தலாம். உள்ளே போன எண்ணெயைத் திரும்ப எடுக்க வழி கிடையாது.

பி காம்ப்ளெக்ஸ் போட்டால் சற்று நேரத்தில் மூக்கின் உள்ளே ஒரு மருந்து வாடை ஏறும். சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போகும். புதிய நர்ஸ் வந்தபிறகு இரண்டு தடவையும் வாடை இல்லை. வேறு கம்பெனி மருந்தாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். போன தடவை ஊசி இறங்க நேரமானது. கெட்டியான ஒன்றைத் தள்ளும்போது ஆகும் நேரம்.

அந்த நர்ஸ் முதன்முதலில் வந்த அன்று படிக்கட்டில் வைத்து அவரிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். "முதல் ஊசி எனக்கு, சிஸ்டர். அது சும்மா. ரெண்டாவதுதான் நிஜம், அக்காவுக்கு." புதியவர்களிடம் பேசினால் அவளுக்கு வார்த்தை திக்கும். முகத்தைப் பார்த்துப் பேச வராது. தரையைப் பார்த்தே சொல்லி முடித்தாள். நர்ஸ் தலையாட்டினார். "சரிம்மா, சரி" என்று தோளில் தட்டிக்கொடுத்தார்.

எதற்காகத் தட்டிக்கொடுத்தார்?

"சார்" என்றாள் ஆசிட் சாரிடம் வந்து நின்று.

"சொல்லும்மா."

வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. எனக்கே தெரியாமல் எனக்கு மருந்து ஏற்றுகிறார்கள். சொல்வதற்கு முன் ஒருமுறை மனதுக்குள் கேட்டுப் பார்த்தாள். அக்கா டாக்டரிடம் முதன்முதலில் சொன்ன வாக்கியம் அது. ஒரு சொல்கூட மாறவில்லை.

"ஒண்ணுமில்ல சார்."

"உடம்பு சரியில்லைன்னா வீட்டுக்குப் போ. அக்கா இருக்காங்கல்ல, பாத்துக்குவாங்க."

வீட்டில் அக்கா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அலமாரியில் அக்காவின் மருந்துப் பெட்டி. விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் கொடுக்கும் வெள்ளை மாத்திரைகள் இருந்தன. அக்காவின் மருந்து உடம்பைப் பூட்டுவதைக் கொஞ்சம் தளர்த்திவிடும் மாத்திரை. ஒன்றை எடுத்து விழுங்கிவிட்டுச் சுவரோரம் நின்றாள். உட்கார முடியவில்லை. இதனால் எனக்கு எந்த மாற்றமும் தெரியக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். காய்ச்சல் என்றால், களைப்பு என்றால், இந்த மாத்திரைக்கு வேலை இருக்காது.

வெயில் தரையில் ஒரு சதுரம் நகர்ந்தது. தாடை இளகியது. தொடையின் நமைச்சல் வடிந்தது. சமையலறை வரைக்கும் நடந்தாள். வலது கை அழகாக, லேசாக, முன்னும் பின்னும் வீசியது.

சாவி பூட்டுக்குப் பொருந்திவிட்டது; உடம்பில் இருப்பது அக்காவின் மருந்துதான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கை ஆடுது போல."

வாசலில் அக்கா. இடுப்பில் காலிக் கூடை.

"அக்கா, நர்ஸ்கிட்ட என்ன சொன்னே?"

"எப்ப?"

"அவங்க முதல்ல போன் பண்ணினப்ப. நீதானே எடுத்தே."

அக்கா கூடையைக் கீழே வைத்தாள். டீச்சர் குரல் வந்தது. நிதானமான, தெளிவான குரல். "என் தங்கச்சிக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். அவ தனக்கு ஒண்ணுமில்ல, அக்காவுக்குத்தான்னு சொல்லுவா. தன்னோட ஊசி சும்மான்னு சொல்லுவா. மனசு நோகாம கேட்டுக்குங்க, ஆனா அவளுக்கு நிஜத்தைப் போட்டுட்டு எனக்கு வைட்டமினைப் போடுங்கன்னு சொன்னேன். சீட்டுல என் பேர் இருக்கும், அவ தன் பேர்ல எழுத விடமாட்டான்னும் சொன்னேன். நல்ல பொண்ணு. உடனே புரிஞ்சுக்கிட்டா."

"ஏன்க்கா?"

"அந்த எண்ணெய் உள்ள போனா ஒரு அறை இருக்கு, குட்டி. உனக்கும் இப்ப தெரிஞ்சிருக்கும். ஜன்னல் உண்டு. வெளிய நடக்கறது எல்லாம் தெரியும். கதவு மட்டும் கிடையாது." அக்கா அருகில் வந்து அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "உள்ளேருந்து நான் எவ்வளவு கத்தினேன் தெரியுமா? நீ வந்து என் வாயைத் துடைச்சுவிட்டே. அக்கா இப்ப நல்லா இருக்கான்னு டாக்டர்கிட்ட சொன்னே."

"எனக்கு வேற வழி தெரியலக்கா."

"உன்னைக் குத்தம் சொல்லலடா. நானும் சும்மா வெளிய வந்துடலாம்னுதான் நினைச்சேன். அவங்க ஒத்துக்கல."

"யாரு?"

அக்கா அவளைத் தாண்டி, அலமாரிக்குப் பக்கத்திலிருந்த வெறும் சுவரைப் பார்த்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்று காத்திருப்பதுபோலக் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தலையசைத்தாள்.

"அறை காலியா இருக்கக்கூடாதாம். யாராவது ஒருத்தர் இருந்தே ஆகணுமாம். எனக்கு உன்னை விட்டா யாரு இருக்கா?"

காலையில் மருந்துப் பெட்டி காலியாக இருந்தது. கழிவறைத் தண்ணீரில் வெள்ளை மாவு சுழன்றது.

மாத்திரையின் தளர்ச்சி விடிவதற்குள் வடிந்துபோயிருந்தது. கழுத்தில் ஒரு கயிறு பின்பக்கமாக இழுத்தது. நாக்கு வாய்க்குள் தடித்துக் கிடந்தது. அக்கா குளிக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர், பாட்டு, தண்ணீர். இதுதான் நேரம். கீழே இறங்கிவிட்டால் தெரு. தெருவைக் கடந்தால் ஆஸ்பத்திரி போகும் பஸ்.

கதவைத் திறந்தாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் இரண்டு பாதங்களும் நின்றன. தூக்கு என்றாள். பாதங்கள் தரையில் ஆணி அடித்ததுபோல இருந்தன. வெறும் மரச்சட்டம், விரல் உயரம்கூட இல்லை. வெளியே படிக்கட்டு பளிச்சென்று தெரிந்தது. கீழ்வீட்டு ரேடியோ செய்தி வாசித்தது. அவள் நிலைப்படியில் நின்றாள். வெயில் வந்து பாதத்தில் ஏறியது. அப்போதும் நின்றாள்.

போன் சட்டைப்பையில் இருந்தது. விரல் ஒவ்வொன்றாக நகர்ந்தது. நர்ஸின் எண்.

"சிஸ்டர்... ஊசி... மாறிப்போச்சு. எனக்கு இல்ல."

"ஆமாம்மா. உங்களுக்கு ஒண்ணும் இல்ல. சரி." மிக மென்மையான குரல். "மாத்திரையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சு சாப்பிடறீங்களாமே? அக்கா காலையிலயே போன் பண்ணி அழுதாங்க."

"அக்கா... பொய்..."

"அக்கா மேல கோவப்படாதீங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ஒரு சின்ன ஊசி போட்டா மனசு அமைதியாயிடும். மத்தியானம் வரதா இருந்தேன். நீங்க இவ்வளவு பயந்திருக்கீங்க, இப்பவே கிளம்பறேன்."

"வேண்டாம்."

"பத்திரமா உக்காந்திருங்க, என்ன?"

பின்னால் சோப்பு வாசனை. ஈரக் கை ஒன்று அவள் விரல்களைப் பிரித்துப் போனை எடுத்துக்கொண்டது. இன்னொரு கை இடுப்பைப் பிடித்துத் திருப்பியது. திருப்பியதும் பாதங்கள் நடந்தன. வீட்டுக்குள் நடக்க அவற்றுக்குத் தடையில்லை.

ஜன்னலோர நாற்காலி.

நர்ஸ் வந்தபோது அவளுடைய கண்கள் மேலே போய்விட்டிருந்தன. அவள் அனுப்பவில்லை. அவையாகவே, யாரோ உள்ளிருந்து நூலைச் சுற்றுவதுபோல, ஏறின. வாசல் மறைந்தது. அக்காவின் முகம் மறைந்தது. மேற்கூரை மட்டும். வெள்ளை. ஒரு விரிசல்.

இது மருந்தின் வேலை. பெயர்கூடத் தெரியும். அந்த வெள்ளை மாத்திரையின் மருந்தை ஊசியாகப் போட்டால் கொஞ்ச நேரத்தில் கண் இறங்கிவிடும். நர்ஸ் ஒரு தடவை உற்றுப் பார்த்தால் போதும்.

நர்ஸ் உற்றுப் பார்த்தார். அவருடைய மூச்சில் டீ வாசனை.

"மேல என்னம்மா பாக்கறீங்க? யாராவது பேசறாங்களா?"

வாய் திறந்தது. நாக்கு எழவில்லை. ஒரு சத்தம் வந்தது. அது அவளுக்கே புரியவில்லை.

"பேசறாங்கதான் போல" என்றது அக்காவின் குரல், பக்கத்தில். "ராத்திரி பூரா இப்படித்தான்."

"எப்படித்தான் சமாளிக்கறீங்களோ, டீச்சர்."

"தங்கச்சி ஆச்சே."

கண்ணாடிக் குப்பியின் கழுத்து உடையும் சத்தம். இது எண்ணெய் இல்லை. உடனே அடக்கப் போடுவது எது என்று படித்திருந்தாள். ஹாலோபெரிடால். அதே குடும்பத்துப் பழைய மருந்து, ஆனால் தண்ணீர் போன்றது. எண்ணெய் நடந்து வரும். இது ஓடி வரும். இரண்டும் ஒரே இடத்தில் போய்த்தான் உட்காரும்.

நான் இல்லை. நான் இல்லை. நான் இல்லை.

ஸ்பிரிட் பஞ்சின் குளிர்ச்சி.

குத்தியது. உடனே முடிந்தது.

"சமத்து" என்றார் நர்ஸ். "கையைக்கூட உதறல பாருங்க."

வாசலில் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் ஏதோ சொல்ல, அக்கா சிரித்தாள். இறங்கும் செருப்புச் சத்தம். பிறகு அக்கா வந்து, சர்க்கரை போட்ட பாலைக் கரண்டியால் ஊட்டினாள். பாதி உள்ளே போனது. பாதி வாயோரம் வழிந்து, தாடையில் இறங்கி, கழுத்துக்குள் போனது. அக்கா துடைத்தாள். அவசரத் துடைப்பு.

"ஸ்கூல் வரைக்கும் போய் பேசிட்டு வந்துடறேன். வேலை திரும்பத் தருவாங்களான்னு பாப்போம். பயப்படாதே. மெதுவா பழகிடும்."

தாழ்ப்பாள். வெளிப்பக்கம்.

வீடு அமைதியானது. ரேடியோ நின்றிருந்தது. தூரத்தில் எங்கோ ஒரு குழாய் சொட்டியது. கால்களின் நமைச்சல் நின்றுவிட்டிருந்தது. கால்களே இல்லாததுபோல இருந்தது. கத்தினாள். கத்தல் பெரிதாக இருந்தது, அறை முழுக்க, அடிவயிற்றிலிருந்து. அறையில் சத்தமில்லை.

மேற்கூரை. வெள்ளை.

கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. மயிரிழைபோல. நின்றது. ஊர்ந்தது.

பிறகு இன்னொன்று.

பால் காய்ந்த தடத்தில் அவை ஏறின. கழுத்து. தாடை. வாயோரத்தில் கொஞ்ச நேரம் தங்கின. எச்சில் புதிதாக வழிந்தபோது விலகி, கன்னத்தில் வழி கண்டுபிடித்தன. கையைத் தூக்கு என்றாள். கை மடியில் கிடந்தது. தலையை உதறு என்றாள். கழுத்து பின்பக்கமாக வளைந்தபடி இருந்தது.

சிமிட்டு.

சிமிட்டு.

வெள்ளைக்குக் கீழே, பார்வையின் அடி விளிம்பில், ஒரு கறுப்பு எழுந்தது. மிக அருகில் இருந்ததால் உருவம் தெரியவில்லை. நிழல்போல, மங்கலாக, பெரிதாக. அது இமையின் ஓரத்தில் வந்து நின்றது. உணர்கொம்புகளால் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தது. திரும்பிப் போகவில்லை. பின்னால் வந்தவை வரிசையில் காத்திருந்தன.

இமை திறந்தே இருந்தது. முதல் எறும்பு, கண்ணுக்குள் கால் வைத்தது.